பின்பக்கம் இல்லாத வீடு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபது வருஷமாகக் கட்டடம் இடிக்கிற வேலை. சுடுகாட்டை ஒட்டிய வீடு, தூக்கு மாட்டிக்கொண்டவர்கள் இருந்த வீடு, எல்லாவற்றையும் இடித்திருக்கிறேன், ஒரு நாள்கூடக் காய்ச்சல் என்று படுத்ததில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. போன வருஷம் வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், சவுக்குத் தோப்பைத் தாண்டி, ஒரு சினிமா ஸ்டூடியோவின் அவுட்டோர் இடம் இருந்தது. ஒரு காலத்தில் வேர்க்கடலை போட்ட நிலமாம். அதில் முழுசாக ஒரு தெருவையே நிறுத்தியிருந்தார்கள். போலீஸ் ஸ்டேஷன், தபால் ஆபீஸ், எதிரில் ஏழெட்டு வீடுகள். போர்டை மாற்றி எழுதினால் அதே தெரு ஒரு படத்தில் மதுரை, இன்னொரு படத்தில் டெல்லி. எல்லாம் முன்பக்கம் மட்டும்தான். பிளைவுட் மேல் பிளாஸ்டர் பூசிய சுவர், பின்னால் போனால் சவுக்குக் கட்டைகள் முட்டுக்கொடுத்து நிற்கும், அவ்வளவுதான் வீடு. சினிமாக்காரர்கள் வருவது குறைந்து, சீரியல்காரர்கள் வந்து, அவர்களும் நின்று, கடைசியில் இடம் குடோன் கட்டுகிறவர்கள் கைக்குப் போனது. தெருவை இடித்துத் தரையாக்குகிற வேலை எனக்கு வந்தது.

ஜேசிபி ஓட்ட வந்தவர் ஆரம்பாக்கத்துக்காரர், பெயர் ஏழுமலை. இது நடந்ததற்கு முந்தின நாள்தான் அவரை முதல் முறையாகப் பார்க்கிறேன். காலை பதினோரு மணி, சுள்ளென்று வெயில். பச்சைக் கதவு வைத்த வீட்டுக்கு வந்தோம். இடிப்பதற்கு முன் பின்பக்கம் ஒரு சுற்று போய்ப் பார்ப்பது என் வழக்கம், ஆடு படுத்திருக்கும், குடித்துவிட்டு ஆளே படுத்திருப்பான். அன்றைக்கும் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். காய்ந்த புல்லும் கட்டையும் தவிர ஒன்றும் இல்லை. முன்னால் வந்து கையைக் காட்டினேன், ஜேசிபியின் பக்கெட் மேலே போனது.

அப்போது அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல். பயமுறுத்துகிற குரலெல்லாம் இல்லை, சமையலறையில் இருந்துகொண்டே வாசலுக்குப் பதில் சொல்வது போல, சாதாரணமாக.

"கொஞ்சம் இருங்க, கொழந்தைய தூக்கிக்கினு வந்துர்றேன்."

நான் கத்துவதற்குள் பக்கெட் இறங்கிவிட்டது.

சுவர் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தது. வெள்ளைத் தூசியில் எதுவும் தெரியவில்லை. ஒரு தாயையும் பிள்ளையையும் கொன்றுவிட்டேன் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. ஏழுமலை வண்டியை அணைத்துவிட்டுக் குதித்து ஓடி வந்தார்.

"அண்ணா, உள்ள ஆளு கீது! பொம்பள கொரல் கேட்டுச்சு!"

"உனுக்குமா கேட்டுச்சு?"

"வண்டி சத்தத்துலயே கேட்டுச்சு நைனா! இன்னா நின்னுக்கினு கீற, பலகைய தூக்கு!"

வெறும் கையால் பலகைகளைப் பிய்த்து எறிந்தோம். ஆணி கிழித்து என் உள்ளங்கையில் ரத்தம் வடிந்தது, அது பிறகுதான் தெரிந்தது. வாட்ச்மேன் தணிகாசலமும் ஓடி வந்து கூடச் சேர்ந்துகொண்டார். கடைசிப் பலகை வரை புரட்டிவிட்டோம். யாரும் இல்லை. சுற்றிலும் பொட்டல், யாராவது ஓடியிருந்தால் கண்ணில் படாமல் போயிருக்க முடியாது.

ஆனால் விழாமல் நின்ற இரண்டு சவுக்குக் கட்டைகளுக்கு நடுவில் ஒரு சேலைத் தூளி தொங்கிக்கொண்டிருந்தது. நம்பினால் நம்புங்கள், பத்து நிமிஷத்துக்கு முன் நான் நடந்து போன இடம் அது. எங்கள் மூன்று பேர் தலையும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்க, அந்தச் சேலையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. உள்ளே கையை விட்டேன். ஈரம். சூடான ஈரம். கைக்குழந்தை அப்போதுதான் நனைத்துவிட்டு எழுந்தது போல. பிள்ளை பெற்றவன் நான், எனக்குத் தெரியாதா அந்த வாசனை?

தணிகாசலத்தைப் பிடித்து உலுக்கினேன். "பெரியவரே, மறைக்காதீங்க. இங்க யாராச்சும் செத்தாங்களா?"

"யாரும் சாவலியே சார்! ஸ்டூடியோ கட்டுன நாள்லேர்ந்து நான் இங்கதான் கீறேன். ஒரு லைட்மேன் கீழ வுழுந்து கால் ஒடிஞ்சான், அவ்ளோதான். அவனும் நல்லாத்தான் கீறான்."

பக்கத்து ஊரில் போய் விசாரித்தோம், எந்த வீட்டிலும் தாயோ பிள்ளையோ காணாமல் போகவில்லை. திரும்பி வந்தபோது தூளி அங்கேயேதான் இருந்தது, காய்ந்துபோய். தொடுவதற்கு எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை. மீதி வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று நானே என்னைச் சமாதானம் செய்துகொண்டிருப்பேன். மூன்று மாதம் கழித்து கும்மிடிப்பூண்டி ரயில்வே ஸ்டேஷனில் ஏழுமலையைப் பார்த்தேன். டீ குடிக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணா, தப்பா நெனைக்காத. அந்தம்மா உனுக்குச் சொந்தமா?"

"இன்னா ஏழுமலை, இன்னா பேசற?"

"இல்லண்ணா, 'அப்பு, கொஞ்சம் இரு'ன்னு உன்ன பேர் சொல்லித்தானே கூப்ட்டுச்சு?"

வேலை செய்கிற இடத்தில் எல்லோருக்கும் நான் கருணாகரன்தான். அப்பு, வீட்டில் கூப்பிட்ட பெயர். அதை நான் ஏழுமலையிடம் சொன்னதில்லை. அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒருவர்கூட இப்போது உயிரோடு இல்லை.

அவரைவிடக் கதவுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். என் காதில் மட்டும் அந்தப் பெயர் ஏன் விழவில்லை?