குட்டை வரிசை

காலை ஆறரை மணிக்கு முதல் செடியைப் பிடுங்கினேன். இரவு பெய்த மழையில் மண் இளகியிருந்தது. இழுத்ததும் வேரோடு கையில் வந்தது. அது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுப் பின்வளவில் மகள் சோளன் போட்டிருந்தாள். பல்கலைக்கழகத்துக்கு அவள் செய்யும் ஆராய்ச்சி அது. பரீட்சைக்காக ஒலுவில் கம்பஸ் விடுதியில் அவள் நின்ற நாட்களில் பாத்தி என் பொறுப்பு. தண்ணீர் ஊற்றினால் போதும் என்றுதான் சொல்லியிருந்தாள். நானோ, பள்ளிக்கூட டீச்சரானாலும், வயல்காரர் வீட்டில் பிறந்தவள். விதைநெல்லுக்கு விட்ட வயலில் வேறுபட்டுத் தெரிவதையெல்லாம் கலப்பு என்று பிடுங்கி எறிவோம். இந்தப் பாத்தியில் மற்றச் செடிகள் இடுப்பளவு நின்றன. ஒரு வரிசை மட்டும் முழங்காலைத் தாண்டாமல், வெளிறி, ஒல்லியாக நின்றது. ஒன்றும் விடாமல் பிடுங்கிவிட்டுப் பெருமையோடு அவளுக்குப் போனில் கோல் எடுத்தேன்.

“குட்டையெல்லாம் புடுங்கிட்டன் மகள். இப்பதான் பாக்க அழகா இரிக்கி.”



“உம்மா... அதுதான் தாய்ச்செடி.”

மூன்று போகமாக, ஒவ்வொரு செடியின் மகரந்தத்தையும் அதன் கதிருக்கே தூவி, கடதாசிப் பை கட்டி அவள் எடுத்த விதை. தனக்குள்ளேயே சேரச் சேரச் சோளன் குன்றிப்போகும். அந்தக் குட்டையை வேறொரு குட்டை இனத்தோடு சேர்த்தால்தான் பிள்ளைச் செடி நெட்டையாக எழும்பும். நான் விட்டுவைத்த நெட்டைகள் முன்பு அப்படிச் சேர்த்துப் பிறந்தவை. நெல்லும் கோதுமையும் தம் பூவுக்குள்ளேயே சேர்ந்து பழகியவை, அவற்றுக்கு இவ்வளவு கேடில்லை. இதையெல்லாம் குசினியில் நின்று அவள் எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். நான் சோறு வடித்தபடி “ஓம், ஓம்” என்றிருந்தேன்.

“அப்ப நெட்டையில விதை எடுத்தா என்ன?”

“அடுத்த போகம் அதுவும் குறைஞ்சிரும் உம்மா. கையில இருந்த விதை முழுக்க அந்த வரிசையிலதான் போட்டன்.”

பிடுங்கியவற்றை வாளித் தண்ணீரில் வைத்து, ஒவ்வொன்றாகத் திரும்ப நட்டு, தென்னோலையால் நிழல் கட்டினேன். வெயில் ஏற ஏற இலைகள் சுருண்டன. கணவர் வந்து பார்த்தார்.

“வகுப்பில குட்டைப் பிள்ளையள முன்வரிசை வாங்கில இருத்துற டீச்சர், இஞ்ச மட்டும் ஏன்கா வெளிய போட்டீங்க?”

பகிடிக்குத்தான் சொன்னார். ஒரு மகளின் மூன்று போகத்தை, அதுவும் என் கண்ணுக்கு அழகில்லை என்பதற்காக, ஒரு காலைக்குள் அழித்துவிட்டேனே.

அசர் தொழுகை முடிந்த பின்னேரம் மகள் வந்து சேர்ந்தாள். உடுப்புப் பையை இறக்காமலே பாத்திக்குள் குந்தி, ஒவ்வொரு தண்டாகத் தடவிப் பார்த்தாள்.

“இந்த மூண்டும் தப்பும் போல. ஒரு கதிர் வந்தாலும் விதைக்கு எனக்குக் காணும்.”

நான் வாளியை எடுத்தேன். அவள் எழுந்து அதை என் கையிலிருந்து வாங்கினாள்.

“தண்ணி நான் ஊத்துறன். நீங்க வெளிய நில்லுங்க உம்மா.”