மணல் வறுக்கும் மனிதர்

காலை ஏழு மணிக்கு, தொழிற்சாலைக் கேன்டீனுக்குப் பின்னால், ஒருவர் பெரிய இரும்பு வாணலியில் கிளறிக்கொண்டிருக்கிறார். வாணலியில் இருப்பது மணல். கடலை கிடையாது, வேறு எதுவும் கிடையாது, வெறும் மணல். ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் தள்ளி, ஆவி அடங்கும்வரை விடாமல் கிளறுகிறார். அடுப்பை அணைத்து ஆறவிடுகிறார். அப்புறம் கையைத் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து, திறந்து பார்க்கிறார். உள்ளங்கையில் ஒரே ஒரு மணி ஒட்டியிருந்தாலும் போச்சு, மறுபடியும் அடுப்பு.

"ஒரு மணிகூட ஒட்டக் கூடாது. ஒட்டுச்சுன்னா, குளிச்சுட்டு இன்னும் தலை துவட்டலன்னு அர்த்தம்" என்கிறார், மணலைப் பற்றி.

தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் 'வறுவல்'. புதிதாகச் சேருகிறவர்கள் அவரைச் சமையல்காரர் என்று நம்பி, மத்தியானம் என்ன சாப்பாடு என்று கேட்பதுண்டு. "மணல்தான். எத்தனை கரண்டி வேணும்?" என்பார், முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல். உண்மையில் அவர் கசிவு தடுப்புக் குழுவின் தலைவர். ரசாயனம் கொட்டிவிட்டால் மற்றவர்கள் அடித்துப் பிடித்து வெளியே ஓடும்போது, அவரும் அவருடைய ஆட்கள் நான்கு பேரும் தலை முதல் கால்வரை ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள்.

கொட்டக்கூடிய சாமான் தயோனைல் குளோரைடு. பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்குகிறது. அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் ஷிப்ட் முடிந்துவிடும் என்பதால் தொழிலாளர்கள் அதை 'முன்கோபி' என்று அழைக்கிறார்கள். பட்ட இடத்தைப் பொசுக்கும். அது போதாதென்று, மேலே தண்ணீர் விழுந்தால் சீறிக்கொண்டு வெள்ளைப் புகை கக்கும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தவர் ஆஸ்பத்திரியில்தான் மிச்சத்தை விடவேண்டும். ஆகவே தண்ணீர் ஆகாது, ஈர மணலும் ஆகாது, காய்ந்த மணல்தான். அவர் சொல்லிக்கொடுக்கும் பாடமும் சின்னதுதான்:

"தரையில கொட்டினா மணல். ஆள் மேல பட்டா தண்ணி, கால் மணி நேரம். இதை மாத்திச் செஞ்சீங்கன்னா அப்புறம் என்கிட்ட வந்து கேக்காதீங்க. நீங்களும் வர மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன்."

தொழிற்சாலைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தையல் கூடம். எண்பது மெஷின் ஓடுகிறது. ஜன்னலோரம் மூன்றாவது மெஷினில் உட்கார்ந்திருப்பது அவர் மனைவி. உச்சிவெயில் சாய்ந்தால் காற்று அந்தப் பக்கம்தான் அடிக்கிறது. வறுவல் இதை யாரிடமும் பேசுவதில்லை. ஆனால் சட்டைப்பைப் பேனாவில் முழ நீளத்துக்கு ஒரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறார். மணிக்கொரு தரம் பேனாவைத் தூக்கிப் பிடித்து, நூல் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக்கொள்வார். நூல் மனைவி கொடுத்தது.

இப்படிப்பட்ட ஆளோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியமா? ஒரு நாள் வீட்டில் மேஜைமேல் காப்பி கொட்டிவிட்டது. மனைவி துணியைத் தேடுவதற்குள், "யாரும் அசையாதீங்க!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். வீட்டில் இருந்ததே இரண்டு பேர். நூலைத் தூக்கிப் பார்த்தார். மனைவியைக் காற்று வரும் பக்கமாக நகர்த்தி நிறுத்தினார். பூந்தொட்டியிலிருந்து மண்ணை எடுத்து, காப்பியைச் சுற்றி அணை கட்டி, வெளியிலிருந்து உள்ளே மூடிக்கொண்டே வந்தார். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் முறத்தில் அள்ளி ஒரு வாளியில் போட்டு, 'காப்பி' என்று சீட்டு எழுதி ஒட்டினார்.

"கொட்டினது காப்பிங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டார் மனைவி.

"தெரியும். அதான் எழுதியிருக்கேனே."

இவ்வளவு கெட்டிக்காரரைக் கவிழ்த்தது ஒரு சின்னச் சொல். முகமூடி மாட்டிக்கொண்டு "தண்ணி வேணாம்" என்று கத்தினால், வெளியே நிற்பவர்களுக்கு "தண்ணி வேணும்" என்றுதான் கேட்கிறது. அந்த 'ணா'வை ரப்பர் தின்றுவிடுகிறது. போன வருட ஒத்திகையில் பீப்பாயில் சாயத் தண்ணீரை நிரப்பித் தரையில் கொட்டினார்கள். இவர் உள்ளே நின்று "தண்ணி வேணாம்" என்றார். அவருடைய நெடுநாள் கூட்டாளி, குழாய் வேலை பார்க்கும் பிட்டர், ஓடிப்போய்க் குழாயைத் திருப்பி அவர்மேலேயே பீய்ச்சினார். வறுவல் பதறிப்போய் இன்னும் உரக்கக் கத்தினார். "பத்தலையாம்!" என்று பிட்டர் வால்வை முழுசாகத் திறந்துவிட்டார். உடுப்புக்குள் கழுத்துவரை தண்ணீர் நிறைந்து, வறுவல் ஒரு தண்ணீர்த் தொட்டியைப்போல் குலுங்கிக் குலுங்கி வெளியே வந்தார். அன்றிலிருந்து முகமூடிக்குள் பேச்சு கிடையாது என்று உத்தரவு போட்டார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தால் தண்ணீர் வேண்டாம் என்று அர்த்தம்.

இந்த நிலவரத்தில்தான் புது மேலாளர் வந்து சேர்ந்தார். பளபளக்கும் ஷூ, பாதம்வரை கத்தி போன்ற மடிப்பு வைத்த பேண்ட், கழுத்தில் டை. அதற்கு முன்னால் பஞ்சுக் கிடங்குகளில் இருபது வருடம் பாதுகாப்பு வேலை பார்த்தவர். எந்த ஆபத்தைக் கண்டாலும் அவர் கை தானாகக் குழாயைத் தேடும்.

"இது ஃபாக்டரியா, இல்ல வீடு கட்டுற இடமா? மூலைக்கு மூலை மணலைக் குவிச்சு வச்சிருக்கீங்க? பூனை வந்துட்டுப் போகுது."

"பூனைக்காகத்தான் சார் மூடி போட்டிருக்கேன். முன்கோபிக்கு மணல்தான் சார் மருந்து."

"தண்ணிக்கு அடங்காதது எதுவும் கிடையாது. இருபது வருஷ அனுபவம் எனக்கு."

வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. அதற்குள் பத்து மணல் தொட்டிகளையும் காலி செய்துவிட்டு, அந்த இடங்களில் தண்ணீர்க் குழாய் மாட்ட வேண்டும் என்று உத்தரவு. வியாழன் சாயங்காலத்துக்குள் மூன்று தொட்டி மணல் ரோஜாச் செடிகளுக்குப் போய்விட்டது. தோட்டக்காரர் அதன்மேல் தண்ணீரும் ஊற்றிவிட்டார். பளபளவென்று நனைந்து கிடந்த மணலைப் பார்த்தபோது வறுவலுக்கு அழுகை வந்தது. அத்தனையும் மணி மணியாக வறுத்தது. மறுநாள் காலை வழக்கமான அளவைப்போல் இரண்டு மடங்கு மணலை வறுத்து ஆறவைத்துவிட்டு வந்தார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த சண்டை.

வெள்ளிக்கிழமை மதியம் பீப்பாய் இறக்கும்போது ஃபோர்க்லிஃப்ட்டின் கொம்பு ஒரு பீப்பாயைக் குத்திவிட்டது. முன்கோபி தரையில் வழிந்து, லேசாகப் புகைய ஆரம்பித்தது. சைரன் அலறியது. சட்டைப்பைப் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, உடுப்பை மாட்டி ஓடி வந்த வறுவல் அதைத் தூக்கினார். நூல் சுவர்ப் பக்கம் நீட்டிக்கொண்டு ஆடியது. தையல் கூடத்தில் ஜன்னல்களை மூடிக்கொண்டிருந்தார்கள். மனைவியின் மெஷினுக்கு நேரே இருந்த ஜன்னல் மட்டும் எப்போதும்போல் பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது.

ஆட்கள் மணலை அள்ளிப் போட ஆரம்பித்த நேரத்தில், புதுக் குழாயைத் திறந்துவிட்டு அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு மேலாளர் ஓடி வந்தார். வறுவல் தான் போட்ட உத்தரவைத் தானே மறந்தார்.

"தண்ணி வேணாம்!"

"வருது, வருது!" என்றார் மேலாளர்.

"ஐயோ, வேணாம் சார்!"

"கேக்குது! இதோ வந்துட்டேன்!"

கைகளைத் தலைக்கு மேல் குறுக்காக வைத்துக் காட்டினார். மேலாளர் பதிலுக்குக் கையசைத்தார். இனி எந்த மொழியும் உதவாது என்று தெரிந்துபோக, வறுவல் பாய்ந்து போய்க் குழாயை இரண்டாக மடித்து, அதன்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நுனியில் மிச்சமிருந்த ஒரு கை தண்ணீர்தான் விழுந்தது. அதற்கே ஓரத்தில் புஸ்ஸென்று சீறி, வெள்ளைப் புகை ஆளுயரத்துக்கு எழுந்து, நாலைந்து சொட்டு மேலாளரின் ஷூவிலும் பேண்ட்டிலும் தெறித்தது. அவர் வாயைப் பிளந்தபடி பின்வாங்கினார். பிட்டர் ஓடிப்போய் வால்வை மூடினார்.

ஏழு தொட்டி மணலும் தீர்ந்தது. சுவரோரம் முறம் அகலத்துக்கு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. பிட்டர் வெறும் கையை விரித்துக் காட்டினார். வறுவல் எதிர்ப்பக்கத்திலிருந்து கேன்டீன் பக்கம் கையைக் காட்டினார். காலையில் வறுத்த மணல் வந்து விழுந்தது. புகை அடங்கியது.

சொட்டு தெறித்த உடனேயே வறுவல் கையுறையை உருவி எறிந்துவிட்டு, மேலாளரின் டையைப் பிடித்து, எதிர்ப்பக்கம் இருந்த அவசரக் குளியல் ஷவருக்கு அவரை இழுத்துக்கொண்டு போயிருந்தார்.

"நீங்கதானே இப்போ தண்ணி வேணாம்னீங்க?" மேலாளருக்கு இப்போதுதான் எல்லாம் சரியாகக் கேட்கத் தொடங்கியிருந்தது.

வறுவல் முகமூடியைக் கழற்றினார். "தரைக்குத்தான் சார் வேணாம். உங்களுக்கு வேணும்." சங்கிலியை இழுத்தார். "ஷூ, பேண்ட் ரெண்டையும் கழட்டுங்க."

"எல்லாரும் பாக்குறாங்க!"

"அவங்க நாளைக்கு மறந்துருவாங்க. வெந்துபோன கால் மறக்காது சார்."

ஆய்வுக்குழு வாசலுக்கு வந்தபோது பதின்மூன்று நிமிடம் ஆகியிருந்தது. அவர்களை வரவேற்கக் கட்டியிருந்த துணிப் பதாகையைத்தான் வறுவல் அவிழ்த்து மேலாளரின் இடுப்பில் சுற்றியிருந்தார். ஷவருக்கு அடியில் டையும், அதற்குக் கீழே 'நல்வரவு' என்ற எழுத்துமாக நின்றவரைக் கண்டு குழுவினர் என்ன செய்வதென்று தெரியாமல் வணக்கம் சொன்னார்கள். "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றார் வறுவல், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. மேலாளரின் கணுக்காலில் ஒரு காசு அளவுக்குச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். சுவருக்கு மேலே வறுவலின் மனைவியின் தலை தெரிந்தது. "என்னங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். வறுவல் இல்லை என்று கையை ஆட்டினார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் கேன்டீனுக்குப் பின்னால் போனபோது அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. சட்டைக் கையை மடித்து, டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மேலாளர் வேர்க்க விறுவிறுக்க மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரோஜாச் செடியடியிலிருந்து தோண்டி எடுத்த மூன்று தொட்டி ஈர மணல்.

"இது போதும்ல? காஞ்சிருச்சுல்ல?" என்றார் மேலாளர்.

வறுவல் அடுப்பை அணைத்து ஆறவிட்டார். கையைத் துணியில் நன்றாகத் துடைத்தார். ஒரு பிடி அள்ளி, இறுக்கிப் பிடித்து, மேலாளரின் மூக்குக்கு நேரே கையைத் திறந்தார். ஒரே ஒரு மணி ஒட்டியிருந்தது. அதை வாணலியில் உதறிவிட்டு, அடுப்பை மறுபடி பற்றவைத்து, கரண்டியை அவர் கையிலேயே கொடுத்தார்.