நூற்று அறுபத்து மூன்று சாவிகள்

அந்தப் பக்கம் வீடு வேண்டுமென்றால் சாவிக்காரம்மாவைத்தான் பார்க்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக வாடகைக்கும் விலைக்கும் வீடு முடித்துக் கொடுக்கிறார். மொத்தம் எட்டுச் சந்து, அதற்குள் பதினோரு பாஷை. அம்மாவுக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றரை. மீதியைக் கையாலும் முகத்தாலும் ஒப்பேற்றிவிடுவார். சும்மா சொல்லக்கூடாது, முரண்டு பிடிக்கிற வீட்டுக்காரனும் அவரிடம் கொஞ்சம் இறங்கித்தான் வருவான்.

அங்கே ஒரு வழக்கம். குடிவந்த வாரமே ஒரு மாற்றுச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிடுவார்கள். யாரும் சட்டம் போடவில்லை. முதலில் வந்தவர்கள் கொடுத்தார்கள், பின்னால் வந்தவர்களும் கொடுத்தார்கள். முன்னறைச் சுவரில் ஒரு பலகை, அதில் நூற்று அறுபத்து மூன்று சாவிகள். ஒன்றில்கூட எண் கிடையாது, பெயர் கிடையாது. சட்டைப் பட்டன், பாசிமணி, சேலை ஓரத் துணி, குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ் என்று ஆளுக்கொன்றைக் கட்டித் தந்திருந்தார்கள். திருடன் வந்தால் எது எந்த வீடு என்று கண்டுபிடிக்க அவனுக்கு ஏழு ஜென்மம் ஆகும் என்று அம்மா சிரிப்பார்.

மாடியில் குடியிருந்த அவருடைய மருமகளுக்கு அந்தச் சுவரைக் கண்டாலே எரிச்சல். கம்ப்யூட்டரில் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிறவள் அவள்தான். வீடு வாங்கி விற்கும் பெரிய நிறுவனம் ஒன்று இவர்களை ஏஜென்டாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லி இரண்டு விஷயம் கேட்டிருந்தது: பகுதியின் வீட்டுச் சந்தையையும் மக்களையும் பற்றி ஒரு குறிப்பு, சாவிகளுக்கு முறையான பதிவு. அத்தை கண் ஆபரேஷனுக்குப் போன நாளில் மருமகள் உட்கார்ந்தாள். வாடகை ஏறுமுகம், பல பண்பாட்டினர் கலந்து வாழும் பகுதி என்று மக்களை இரண்டே வரியில் முடித்தாள். பிறகு பலகைக்குத் திரும்பினாள். கந்தலையெல்லாம் அவிழ்த்துக் குப்பைப் பையில் போட்டாள், சாவிகளை ஒரு பேசினில் கொட்டினாள். அத்தை வந்ததும் எது எந்த வீடு என்று கேட்டு நம்பர் வில்லை மாட்டிவிடலாம் என்று நினைப்பு. புத்திசாலிதான், அன்றைக்கு மட்டும் மூளையையும் கழற்றி அந்தப் பையிலேயே போட்டுவிட்டாள் போலிருக்கிறது.

மறுநாள் காலை அத்தை ஒரு கண்ணில் கட்டோடு வந்து உள்ளறையில் படுத்தார். மறு கண்ணிலும் பார்வை மங்கல்தான். படுத்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, ஒரு பெண் தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். அவள் பேசியது மருமகளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. இடுப்புக்குக் கீழே கையைத் தாழ்த்திக் குழந்தை என்று காட்டினாள், விரல்களை அசைத்து நெருப்பு என்று காட்டினாள், கதவு அறைந்து சாத்தியதைக் காட்டினாள். குப்பை போட வெளியே வந்தவளைக் காற்று வெளியே பூட்டிவிட்டது. உள்ளே அடுப்பில் பால், பக்கத்தில் மூன்று வயதுப் பிள்ளை. அவள் பலகையைப் பார்த்தாள். தான் கட்டிக்கொடுத்த பச்சைப் பட்டனைத் தேடினாள். பலகை மொட்டையாக இருந்தது.

அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அது தன் கையால் ஆனது என்று மருமகளுக்குத் தெரிந்துவிட்டது.

"யாரு, மூணாம் சந்து இரும்புக் கதவா?" உள்ளறையிலிருந்து அத்தை கேட்டார். அழுகிற குரலை வைத்தே வீட்டைச் சொல்லிவிட்டார்.

"அத்தை, எல்லாத்தையும் அவுத்துட்டேன். சாவி எல்லாம் கலந்து கிடக்கு."

"திட்டறதை அப்புறம் வச்சுக்கலாம். மடியில கொட்டு."

கொட்டினாள். அம்மாவின் விரல்கள் குவியலுக்குள் போயின. ஒவ்வொரு சாவியின் பல்லையும் கட்டைவிரல் தடவித் தள்ளியது. அந்தக் கதவை நாலு குடித்தனத்துக்குத் திறந்து காட்டிய கை அது. அத்தனை வீட்டின் வாசலும் அந்த விரல்களுக்குள் இருந்தது. எட்டு வருஷம் கூடவே இருந்தும் இதை ஒரு நாளும் பார்த்ததில்லையே என்று மருமகளுக்குப் பிரமிப்பாக இருந்தது.

"இந்த ரெண்டுல ஒண்ணு. எதுன்னு சத்தியமா தெரியல. ரெண்டையும் கொண்டுட்டு ஓடு."

ஓடினாள். முதல் சாவி திரும்பவில்லை. இரண்டாவது திரும்பியது. பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது; வீடு முழுக்க கேஸ் நாற்றம். பிள்ளை மேசைக்கு அடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. தாய் அதை வாரிக்கொண்டு வெளியே ஓட, மருமகள் அடுப்பைத் திருகி மூடி ஜன்னல்களைத் திறந்துவிட்டாள்.

திரும்பி வந்தவள் குப்பைப் பையைத் தரையில் கவிழ்த்தாள்.

"விரலே போதும்னா இந்தக் கந்தல் எல்லாம் எதுக்கு அத்தை?"

"எனக்கு எதுக்கு? அவங்க பிரியமா கட்டிக் கொடுத்தது. தூக்கிப் போட மனசு வருமா?"

சாயங்காலம் வரை உட்கார்ந்து கட்டினார்கள். மருமகள் சாவியையும் கந்தலையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைப்பாள், அம்மா தடவிப் பார்த்துச் சொல்வார். இந்தச் சாக்ஸ் கப்பல் வேலைக்காரர் வீடு, பொண்ணு இப்போது காலேஜ் போகிறாள். இந்தத் துணி ஏழாம் சந்து தையல்காரி. எந்த பாஷையில் திட்டினாலும் அவள் திட்டினால் புரியும். சொல்லச் சொல்ல எட்டுச் சந்தும் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தன. அந்த இரண்டு வரிக் குறிப்பை நினைத்து மருமகளுக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில் ஒரு சாவி, ஒரு நீல ரிப்பன் மிச்சம். ரிப்பனின் ஓரம் இழை இழையாகப் பிரிந்திருந்தது.

"இது யாரோடது அத்தை?"

அம்மா அதைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை.

"மாடி வீடு. கல்யாணமாகி வந்த அன்னிக்கு நீ கட்டிக் கொடுத்தது."