மாலை போட்ட கொய்யா ஜாம்

வணிகக் குறிச் சட்டம், அதாவது டிரேட்மார்க் சட்டம், ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. ஒரு குறியில் உயிரோடிருப்பவரின் உருவம் இருந்தால், அவருடைய சம்மதத்தைப் பதிவாளர் எழுத்தில் கேட்கலாம். அவர் கடந்த இருபது ஆண்டுகளுக்குள் காலமானவர் என்றால், சட்டப்படியான பிரதிநிதியின் சம்மதத்தைக் கேட்கலாம். உயிரோடு இருப்பவர் காலமானவராகத் தெரிந்தால் யாரிடம் கேட்பது என்று சட்டம் சொல்லவில்லை. கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்ற எனக்கு, அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கும் பேறு என் தங்கையால் கிடைத்தது.

தங்கை ஆயக்குடியில் இருக்கிறாள். போன வருடம் அவளுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். அவள் கொய்யா ஜாம் காய்ச்ச ஆரம்பித்தாள். கொடைக்கானலில் என் வீட்டிலிருந்து ஏரிக்குப் போகும் வழியில் ஒரு பரிசுப்பொருள் கடை இருக்கிறது. அதை நடத்தும் அம்மாள் ஜாமை ருசி பார்த்துவிட்டு, "டேஸ்ட் சூப்பர் சார். லேபிள் போட்டுக் கொண்டு வாங்க, சீசனுக்கு வெச்சுப் பார்க்கலாம்" என்றார்.

தங்கைக்கு அந்தக் கடை அலமாரியில் இடம் பிடிப்பதுதான் இலக்கு. வீட்டில் எல்லோரும் அவளைக் கண்ணாடிப் பாத்திரம் போல நடத்தினார்கள். குடத்தைத் தொடாதே, மாடிப்படி ஏறாதே. தன் கையால் செய்தது மலையேறி விற்றுவிட்டால் அந்தப் பேச்சு நிற்கும் என்று அவள் நம்பினாள்.

லேபிளுக்குப் பழனியில் ஓர் அச்சகத்துக்குப் போனோம். பஞ்சாமிர்தமோ திருநீறோ, கடையை ஆரம்பித்தவரின் முகம் டப்பாவில் இருக்க வேண்டும் என்பது அந்த ஊரின் எழுதாத விதி.

"முகம் இருந்தாத்தான் சார் சனங்க நம்பி வாங்குவாங்க. அம்மா போட்டோ ஒண்ணு குடுங்க, சோலிய முடிச்சிருவோம்" என்றார் அச்சகக்காரர்.

தங்கையின் படத்தை முட்டை வடிவில் வெட்டி, சுற்றிலும் வெறுமையாக இருக்கிறதே என்று ஒரு சம்பங்கி மாலை வைத்தார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. அவர் வழக்கமாக அச்சடிக்கும் நிறுவனர்கள் எல்லோரும் எப்போதோ போய்ச் சேர்ந்தவர்கள். மாலையும் விளக்கும் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தன. மாதிரியை நான் சரிபார்த்தேன். எடை, தயாரித்த தேதி, உரிம எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி, எல்லாம் விதிப்படி இருந்தன. மாலையைப் பற்றி விதி இல்லாததால் அது என் கண்ணில் படவில்லை.

"கல்யாண போட்டோலகூட நான் இம்புட்டு லட்சணமா இல்லண்ணே" என்று தங்கை பூரித்துப் போனாள். சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கியபோதுதான் முறைத்தாள். "நான் உசுரோட இருக்கேன்னு நானே எழுதித் தரணுமாக்கும்?"

தேவைதான் என்று தெரிய அதிக நாள் ஆகவில்லை. பாட்டில்களைக் கடை மேசையில் வைத்ததும் அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயோ சார்... எப்போ? போன வாரம்கூட போன்ல பேசினாங்களே!"

நான் விளங்கச் சொன்னேன். அவர் முதலில் என்னை நம்பவில்லை, பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சாரி சார். ஆனா டூரிஸ்ட் இதைப் பார்த்தா ஜாம் வாங்க மாட்டாங்க. ரெண்டு நிமிஷம் மௌனமா நிப்பாங்க."

"அப்படியானால்?"

"இதை வைக்க முடியாது. டோர்ல நின்னு பார்த்தா தெரியற மாதிரி ஒரே ஒரு விஷயம் போடுங்க. பத்து விஷயம் வேணாம். சீசனுக்கு முன்னாடி வந்தா பார்க்கலாம். ப்ராமிஸ் பண்ண மாட்டேன்."

பின்வரிசையில் ஒளித்து வைத்துவிட்டு, விற்கவில்லை என்று பிறகு திருப்பித் தந்திருக்கலாம். முகத்துக்கு நேராகச் சொன்னதற்கு நான் இன்றும் அவருக்குக் கடன்பட்டவன்.

இதைத் தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாசகம் தயாரித்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அவள் நெஞ்சுத் தழும்பைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஒரு பாட்டில வாசல்ல வெச்சிரலாம்ணே. எமன் வந்தாலும், ஏற்கெனவே கூட்டிட்டுப் போயாச்சுன்னு திரும்பிப் போயிருவான்."

அந்தச் சிரிப்பைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். மாலை படத்தில் மட்டும் விழுந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அது எந்தத் துறையின் கீழ் வருகிறது என்றும் தெரியவில்லை.

சிரித்து முடித்ததும் அவள் முகம் வாடியது. "அப்ப அந்தம்மா எடுத்துக்க மாட்டாகளா?"

புதுச் சின்னம் தேடினோம். வேல் வேண்டாம் என்றேன். பழனியில் பாதிக் கடைகளில் வேல்தான். மலையும் அப்படியே. கொய்யாப் பழத்தை மட்டும் வரைந்தால், பொருளையே காட்டும் குறிக்குப் பதிவு கிடைப்பது கடினம். கடித்த பழம் என்றாள். அதை வேறொருவர் ஏற்கெனவே வைத்திருக்கிறார், அவரோடு வழக்காட நமக்கு வசதி போதாது என்றேன்.

"நீ வேண்டாங்கறதுக்கே படிச்சியாண்ணே?" என்று எரிந்து விழுந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆஸ்பத்திரிக்கு அந்தத் தோப்புக்காரப் பொம்பளைக துண்டுல பழம் முடிஞ்சுட்டு வந்தாகளே, அதைப் போடலாமா?" என்றாள்.

எனக்கும் நினைவு வந்தது. ஆயக்குடிக் கொய்யாத் தோப்பில் பழம் பறிப்பவர்கள், வேலை முடிந்த கையோடு பஸ் ஏறி வந்தவர்கள். பார்வையாளர் நேரம் முடிந்தது, நோயாளிக்கு விதையுள்ள பழம் ஆகாது என்று நர்ஸ் திட்டித் தீர்த்தார். மூட்டையைக் கட்டில் மேல் வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

உருண்டையாக ஒரு மூட்டை, மேலே முடிச்சின் இரண்டு காதுகள். ஒரே நிறம். அட்டையில் வரைந்து வாசலில் சாய்த்து வைத்து, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தோம். தெரிந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கினோம். அப்போதும் அது மூட்டையாகவே இருந்தது.

அச்சகக்காரருக்கு மட்டும் மனசில்லை. "இப்பிடி மொட்டையா விட்டா காசு வாங்கவே கூச்சமா இருக்கு சார். ஓரத்துல ஒரு பூவாவது வெக்கட்டுமா?"

"பூ வெச்சீங்க, அம்புட்டுத்தான்" என்றாள் தங்கை.

புது பாட்டில்களைக் கடையில் கொடுத்தேன். அந்த அம்மாள் வாசலுக்குப் போய் நின்று பார்த்தார். "வெச்சுட்டுப் போங்க, சொல்றேன்" என்றார். பிறகு ஒரு தகவலும் இல்லை. சீசன் தொடங்கியது. தினமும் விடிந்ததும் தங்கையிடமிருந்து போன் வந்தது: "அந்தம்மா ஏதாச்சும் சொன்னாகளாண்ணே?" அரசாங்கத்துக்கு நினைவூட்டல் எழுத எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் கூட்டத்தில் நிற்கும் கடைக்காரருக்கு எழுத விதிமுறை கிடையாது.

ஒரு காலையில் செல்போனில் செய்தி வந்தது: "சார், எல்லா பாட்டிலும் காலி. மூட்டை ஜாம் இருக்கான்னு கேட்டு வர்றாங்க. இன்னும் ரெண்டு பெட்டி அனுப்பச் சொல்லுங்க." தங்கைக்குப் படித்துக் காட்டினேன். அவள் இரண்டாம் தரம் படிக்கச் சொன்னாள். அன்று, எமனின் கணக்கர் சித்திரகுப்தனைக் கும்பிடும் சித்திரைப் பௌர்ணமிக்கு மறுநாள்.