முத்துவடிவு வீட்டுக் கிணறு

அச்சன்புதூர் இசக்கிமணியைக் கவிஞர் என்று வெளியூரில்தான் சொல்வார்கள். ஊருக்குள் அவர் கத்தரிக்காய் போடுகிறவர். விடியுமுன் சாக்கோடு பஸ் ஏறிப் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போவார். ஜன்னலோரம் அவர் வாய் முணுமுணுத்தால், கண்டக்டர் டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிடுவார். வரப்பையும் வாய்க்காலையும் பற்றிய கவிதைகள் அப்படிப் பிறந்தவைதான்.

அவற்றில் ஒன்று அவரைச் சென்னை வரை கொண்டுபோனது. மழை பொய்த்த வருடம், பக்கத்து வீட்டு முத்துவடிவு வறண்ட கிணற்றுக்குள் வாளியை விட்டு, சேறுகூட ஏறாமல், கயிற்றைப் பிடித்தபடி நின்றதைப் பார்த்து எழுதியது. பெயர் சொல்லவில்லை. ஆனால் கிணற்றின்மேல் சாய்ந்த பூவரசும் உடைந்த படியும் அதில் இருந்தன. இந்த வட்டாரத்துக்கு அது போதும்.

அடுத்த வருடமே கிணறு நிறைந்துவிட்டது. கவிதை மட்டும் வறண்டே கிடந்தது.

முத்துவடிவின் மகன் பாண்டியராஜுக்குப் பெண் கொடுக்க, மேலகரத்திலிருந்து வீடு பார்க்க வந்தார்கள். அந்தக் கவிதை அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது. செம்பில் தண்ணீர் கொடுத்ததும், "இது விலைக்கு வாங்குன தண்ணியா?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

முத்துவடிவு இசக்கிமணியின் வயலுக்கே வந்துவிட்டாள்.

"கொழுந்தனாரே, உங்க பாட்டுக்கு ஊரெல்லாம் மாலை விழுது. எம்மவன் கழுத்துலதான் விழ மாட்டேங்கு."

"மதினி, நான் அப்படி நெனச்சு எழுதல..."

"நெறஞ்ச கிணத்துக்கும் ஒண்ணு பாடிருங்க. சரியாப் போயிரும்."

அவரும் முயன்றார். பஸ்ஸிலும் வரப்பிலும் முணுமுணுத்தார். நிறைந்த கிணறு ஒரு வரிகூடத் தரவில்லை. தன் வாய்க்குத் துயரம் மட்டும்தான் தெரியுமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஒரு கூட்டம். முத்துவடிவும் மகனும் பின்வரிசையில் நின்றார்கள். இசக்கிமணி மேடை ஏறியதுமே, "கிணறு! கிணறு படிங்க!" என்று குரல்கள் எழுந்தன.

அவர் மைக்கைப் பிடித்தார்.

"அந்தக் கிணறு இப்ப நெறஞ்சு கெடக்கு. காலைல அதுல எறச்சுக் குளிச்சுட்டுத்தான் வாரேன். இனி அதப் படிக்க மாட்டேன்."

வேறொன்றைப் படித்தார். கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தது.

வெளியே முத்துவடிவு கேட்டாள்: "பாட்டா வரலியோ?"

"வரல மதினி."

"போட்டும். நெசம் வந்துச்சுல்லா."

யாரோ செல்போனில் எடுத்தது மேலகரம் போய்ச் சேர்ந்தது. ஆவணியில் அவர்கள் மறுபடியும் வந்தார்கள். பெண்ணின் அப்பா வீட்டுக்குள் போகவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

இசக்கிமணி வாளியை இறக்கினார். கயிறு பாதிகூடப் போகவில்லை, தண்ணீர்ச் சத்தம் கேட்டது. முத்துவடிவு செம்பை நீட்டினாள்.