கூடையை விட்டு எழாதவள்

தேவனாம்பட்டினத்து ராணியம்மாள் மீன்கூடையோடு மஞ்சக்குப்பம் மார்க்கெட்டில் உட்கார்ந்துவிட்டால், கூடை காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டாள். அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. எழுந்துபோனால் பக்கத்துக் கூடைக்காரி புஷ்பவள்ளி வாடிக்கையை வளைத்துப் போட்டுவிடுவாளோ என்கிற பயமும் உண்டுதான். அதை அவள் வெளியே சொன்னதில்லை. இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிறது. காரணம் ஒரு வஞ்சிர மீன். ஏலத்தில் அதை முதலில் கேட்டது யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

எழுந்து போவதென்றாலும் எங்கே போவது? ஆம்பிளைகளுக்கு எந்தச் சுவரும் சரிதான். பொம்பிளைகளுக்கு விடியுமுன் ஊர்க்கோடிச் சவுக்குத்தோப்பு. பொழுது சாய்ந்ததும் மறுபடி அதே தோப்பு. நடுவில் இருக்கிற பகலெல்லாம் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் ராணியம்மாள் பகலில் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தாள்.

அறுபத்துநாலாம் வருஷம் சித்திரையில் அவளுக்கு நீர்க்கடுப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் நெருப்பாய் எரிந்தது. நீர் போவதால்தானே எரிகிறது, குடிப்பதை இன்னும் குறைத்தால் எரிச்சலும் குறையும் என்று அவளாகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். கடலுக்குப் போகிற புருஷன் சபாபதியிடம் சொல்ல வெட்கம். கடைசியில் குளிர்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. விலாவுக்குக் கீழே வலி தாங்க முடியவில்லை. சபாபதி பதறிப்போய் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

"மூத்திரப்பையில கிருமி சேந்து கிட்னி வரைக்கும் போயிருக்கு. பகல்ல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"குடிக்கவே மாட்டம்மா" என்றாள் ராணியம்மாள், ஏதோ பாராட்டை எதிர்பார்ப்பவள்போல.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்ப மாத்திரையில சரியாயிடும். இன்னமும் தண்ணி குடிக்காம அடக்கிக்கிட்டே உக்காந்திருந்தா, கிட்னி கெட்டு உயிருக்கே ஆபத்து."

"குடிச்சா எங்கம்மா போறது?"

அதற்கு டாக்டரம்மாவிடம் மாத்திரை இல்லை. பக்கத்தில் நின்ற சபாபதி தலையைச் சொறிந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனுக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. பாவம், ஆம்பிளை!

ஆனாலும் நல்ல மனுஷன். அவளுக்குக் காய்ச்சல் விட்டதும், மார்க்கெட் ஓரமாகக் குழி வெட்டி, சவுக்குக் கழி நட்டு, தன் கட்டுமரத்தின் பழைய பாய்த்துணியைச் சுற்றிலும் மறைப்பாகக் கட்டினான். மார்க்கெட் குத்தகைக்காரர், "யாரக் கேட்டுடா கட்டுற?" என்று வந்து நின்றார்.

"உங்க வூட்டு அம்மாவக் கேட்டுட்டு வாங்க மாமா. அவுங்க வேணாம்னா அவுத்துடுறேன்" என்றான் சபாபதி. போனவர் திரும்பி வரவில்லை.

உடம்பு தேறி வந்த முதல் நாள், ராணியம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். வெயில் ஏறுமுன்னே அவசரம் வந்தது. மறைப்பு கண்ணுக்கெதிரே இருந்தது. கூடையிலோ சங்கரா மீன் குவிந்து கிடந்தது. புஷ்பவள்ளியிடமா விட்டுப்போவது? அவளிடம் வாய் திறந்து கேட்பதைவிட எரிந்தே சாகலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. வீட்டில் இருக்கிற சின்னஞ்சிறுசுகளும் நினைவுக்கு வந்தார்கள். மானத்தை விழுங்கிக்கொண்டு திரும்பினாள்.

"ஏ புஷ்பவள்ளி, கூடையக் கொஞ்சம் பாத்துக்க. இதோ வந்துடுறேன்."

புஷ்பவள்ளி வெடுக்கென்று நிமிர்ந்தாள். "சீக்கிரம் போயிட்டு வாடி! அந்தப் பாயப் பாத்துப் பாத்து நானும் காலையிலேருந்து அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன். எங்கூடைய யாரு பாத்துப்பா?"

ராணியம்மாளுக்கு வந்த சிரிப்பில் எழுந்திருப்பதே பெரும்பாடாகிவிட்டது. அவள் திரும்பி வந்து உட்காருமுன் புஷ்பவள்ளி ஓட்டமாய் ஓடினாள். ராணியம்மாள் இரண்டு கூடைகளையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, புஷ்பவள்ளியின் மத்தி மீனைத் தொண்டை கிழியக் கூவி விற்க ஆரம்பித்தாள்.