கடப்பாரைக்குத் தப்பிய மாடி

குண்டு மேஸ்திரியின் மாடி இன்னும் நிற்கிறது. அதன் சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, சாயங்காலம் அவர் காற்று வாங்குகிறார். பார்க்கிறவர்களுக்கு அது சாதாரணச் சுவர். அவருக்குத்தான் தெரியும், அது செத்துப் பிழைத்த சுவர் என்று. அதை இடிக்கக் கடப்பாரை கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பியதே அவர்தானே.

பெயர்தான் குண்டு, ஆள் ஒட்டடைக்குச்சி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு தூக்குக்குண்டு கிடக்கும். நூலில் தொங்கவிட்டுச் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற பித்தளைக் குண்டு. கல்யாணத்துக்குப் போனாலும் கூடவே வரும். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. செங்கல் சுமந்தார், கலவை குழைத்தார், கரண்டி பிடித்தார், பிறகு பத்துப் பேருக்கு வேலை கொடுத்தார். யார் கையையும் எதிர்பார்க்காமல் மேலே வந்த மனிதர். அதை வாய்விட்டுச் சொல்வதில் அவருக்குக் கூச்சம் கிடையாது. உழைத்தவன் எதற்குக் கூச வேண்டும்? அந்தத் தெருவில் பாதி வீடு அவர் கட்டியது. "நான் எழுப்பின சுவர்ல ஒரு விரிசல் காட்டு, மீசையை எடுத்துடறேன்" என்பார். மீசை இன்னும் இருக்கிறது.

ஊருக்கெல்லாம் மாடி கட்டியவர் தனக்கென்று ஒரு மாடி எழுப்பத் தலை நரைக்க வேண்டியிருந்தது. அதை எழுப்பிய இடத்தில்தான் வம்பு முளைத்தது.

ஒட்டினாற்போல் இருப்பது அவர் அக்காவின் மனை. அக்கா லாண்டரி நடத்துகிறாள். லாட்ஜ் விரிப்புகளும் ஆஸ்பத்திரித் துணிகளும் கொல்லையில் கயிறு கயிறாக வெள்ளை வெளேரென்று தொங்கும். அம்மா போன பிறகு தம்பிக்குச் சோறு போட்டது அந்தக் கயிறுகள்தான். யார் கையையும் எதிர்பார்க்கவில்லை என்று மேஸ்திரி சொல்லும்போது அக்கா கை அதில் சேராது. அது அவருக்குத் தன் கை மாதிரி.

அந்தக் கொல்லைக்குக் காலை வெயில் வராது. ஒரு பக்கத்துக் குடோன் தின்றுவிடும். சாயங்கால வெயிலை மறுபக்கத்து மரங்கள் வாங்கிக்கொள்ளும். அக்காவுக்கு உருப்படியாகக் கிடைப்பது உச்சி வெயில் ஒன்றுதான். அதனால் மாடிச் சுவர் தலைக்குமேல் ஏறியதும் அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்றாள்.

"டேய், இது என் வெயிலை மறைச்சுடுமாடா?"

அப்போது நல்ல கோடை. மேஸ்திரி கீழே கையைக் காட்டினார். "பாரு. நிழல் பூனைக்குட்டி மாதிரி சுவரடியில சுருண்டு கிடக்கு. உன் கயிறு எங்கே, இது எங்கே?"

"குளிர்காலத்துலயும் இப்படியே கிடக்குமா?"

"எந்தக் காலம் வந்தா என்னக்கா? உச்சி வெயில்ல என் சுவர் நிழல் உன் முதல் கயிறைத் தொட்டுச்சுன்னா, நானே ஏறி இடிச்சுத் தள்ளிடறேன். போதுமா?"

சித்தாள்கள் அதைக் கேட்டார்கள். டீக்கடைக்காரரும் கேட்டார். மேஸ்திரி சொன்னால் சொன்னதுதான் என்பது தெருவுக்கே தெரியும். அவருக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. வீட்டைக் கட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவர் அவர். ஒரு சுவரின் நிழல் வருஷம் முழுக்க எங்கெல்லாம் போய் வருகிறது என்று உட்கார்ந்து பார்க்க அவருக்கு என்றைக்கு நேரம் இருந்தது?

பள்ளிக்கூடம் திறந்த புதிதில் எதிர்ப் பள்ளியின் அறிவியல் டீச்சர் தன் வகுப்புப் பெண்களோடு வந்தார். சூரியன் உச்சிக்கு வரும்போது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, காலத்துக்குக் காலம் அந்தக் கோணம் எப்படி மாறுகிறது என்று பிள்ளைகள் அளக்கப் போகிறார்களாம். அதற்கு மைதானத்தில் ஒரு கம்பம் நேராக நிற்க வேண்டுமாம். தூக்குக்குண்டை இரவல் கேட்டார்கள். மேஸ்திரி குண்டைக் கொடுக்கவில்லை, தானே வந்துவிட்டார். இரும்புக் குழாயைக் கான்கிரீட்டில் இறக்கி, நாலு பக்கமும் குண்டு பிடித்துப் பார்த்து, கையைத் தட்டிக்கொண்டார்.

"இந்தக் கம்பம் சாஞ்சா பூமி சாஞ்சுதுன்னு அர்த்தம்."

"தேங்க்ஸ் தாத்தா" என்றாள் கண்ணாடி போட்ட ஒரு பெண்.

"தாத்தா உன் வீட்ல இருப்பாரு. நான் மேஸ்திரி."

"சரி, மேஸ்திரி தாத்தா."

வெள்ளிக்கிழமை தோறும் அளந்தார்கள். மணி அடித்ததும் அளந்துவிட்டு ஓடுகிற வேலையில்லை. நடுப்பகல் நெருங்கும்போதே நிழலின் நுனியைக் குறித்துக்கொண்டே வந்து, எல்லாவற்றிலும் குட்டையான நிழலுக்கு மட்டும் வெள்ளைப் பெயின்ட்டால் புள்ளி வைப்பார்கள். கம்பத்தின் உச்சியிலிருந்து அந்தப் புள்ளிக்கு நூலை இழுத்துப் பிடித்து, தரைக்கும் நூலுக்கும் நடுவே உள்ள கோணத்தை அளப்பார்கள். தன் கம்பத்தைப் பத்துப் பேர் சுற்றி நிற்பதைப் பார்க்க மேஸ்திரியும் அவ்வப்போது பள்ளி கேட் ஓரம் வந்து போவார்.

மழை விட்ட பிறகு ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்தார். புள்ளிகள் கம்பத்தை விட்டு வரிசையாக வெளியே நடந்து போயிருந்தன.

"என்னம்மா இது, நிழல் வளர்ந்துக்கிட்டே போகுது?"

"சூரியன் தாழ்ந்துக்கிட்டே வருதே தாத்தா. கோணம் குறைஞ்சா நிழல் நீளும்."

மேஸ்திரி சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டு வாசலில் சிரிப்பு நின்றது. பூனைக்குட்டி எழுந்து நடந்திருந்தது. சுவரின் நிழல் வேலியைத் தாண்டி அக்காவின் கொல்லைக்குள் இறங்கியிருந்தது.

அந்த வாரத்திலிருந்து, அக்கா உள்ளே போகும் நேரம் பார்த்து, உச்சிப் பொழுதில் நிழல் விளிம்பில் ஓர் ஆணி அடித்தார். அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் மூன்றாவது. ஆணிக்கு ஆணி ஒரு சாண் இருந்தது. நான்காவதை அடிக்க அவருக்கு மனசு வரவில்லை. கணக்குத்தான் கண்முன்னால் கிடக்கிறதே. சுவரில் ஒரு வரிசைக்கு ஒரு செங்கல் உயரம் ஏறும். எத்தனை வரிசையோ அத்தனை உயரம். நிழலும் அப்படித்தான், வாரத்துக்கு ஒரு சாண். மார்கழியில் சூரியன் அடிமட்டத்துக்கு இறங்குகிற நாளுக்குள் நிழல் முதல் கயிறு என்ன, இரண்டாவது கயிற்றையும் விழுங்கிவிடும்.

'அந்தக் கம்பமே கோணல், பிள்ளைகள் அளந்தது தப்பு' என்று வேறொருவன் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். மேஸ்திரியால் முடியுமா? நட்டது யார்?

மூன்று நான்கு வாரம் சோறு இறங்கவில்லை. மனைவிக்கு விஷயம் புரிந்துபோயிற்று.

"ஏங்க, அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். கயிறைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்க மாட்டாங்களா?"

"அந்தப் பக்கம் தண்ணித் தொட்டி. இருந்தாலும் கேட்டா தள்ளிக் கட்டிப்பா. அதனாலதான் கேட்கக் கூடாதுங்கறேன்."

"அதுக்காகக் கட்டின வீட்டை இடிப்பீங்களா?"

"சுவரைத்தானே சொன்னேன், வீட்டைச் சொல்லலையே" என்றார் மேஸ்திரி. அவர் குரலே அவருக்குக் கேட்கவில்லை.

சனிக்கிழமை கடப்பாரையோடு வரும்படி தன் வேலையாளுக்குச் சொல்லி அனுப்பினார். முதல் நாள் வெள்ளிக்கிழமை. கால் தானாக மைதானத்துக்குப் போயிற்று.

"மேஸ்திரி தாத்தா, இன்னைக்கு நீங்க புள்ளி வைங்க" என்று கண்ணாடிப் பெண் பிரஷ்ஷை நீட்டினாள்.

முட்டி போட்டு உட்கார்ந்து புள்ளியை வைத்தார். வைத்தவர் எழவில்லை. பழைய புள்ளிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி இருந்தது. வர வர அது சுருங்கிக்கொண்டே வந்து, கடைசி இரண்டும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன.

"யாரு இதைத் தப்பா வச்சது?"

"தப்பில்ல தாத்தா. ஊஞ்சல் மேல போகப் போக வேகம் குறைஞ்சு, ஒரு நிமிஷம் நின்னு, திரும்புமே. சூரியனும் அப்படித்தான். இன்னும் கொஞ்ச நாள்ல நின்னுடும். அப்புறம் நிழல் திரும்பி வந்துடும்."

"நின்னுடுமா? எங்கே நிக்கும்?"

டீச்சர் கடைசியில் வரப்போகும் கோணத்தைச் சொன்னார். மேஸ்திரி சுவரின் உயரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இப்போது நாக்கு குழறியது. அந்தப் பெண் தாளில் சுவரை ஒரு கோடாக வரைந்து, கோணமானியை வைத்து, சாய்கோட்டை இழுத்தாள். கயிறு எவ்வளவு தூரத்தில் என்று கேட்டு அதற்கும் ஒரு புள்ளி வைத்தாள்.

"தொடாது தாத்தா. ஒரு முழம் மிச்சம் இருக்கும்."

மேஸ்திரி அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் வேலையாள் வந்தான். "இடிக்கிற வேலை எங்கே மேஸ்திரி?"

"இப்போ இல்ல. பொறு."

"அப்போ கடப்பாரையை எடுத்துட்டுப் போகட்டுமா?"

"வேணாம், இருக்கட்டும். கண்ணுல படாம வேலியோரம் சாக்கு போட்டு மூடி வை."

சூரியன் அடிமட்டத்துக்கு இறங்குகிற நாளும் வந்தது. டீச்சர் வகுப்பையே அக்காவின் கொல்லைக்குக் கூட்டிவந்துவிட்டார்.

"என்னம்மா கூட்டம்? விரிப்பை உருவிக்கிட்டுப் போக வந்தீங்களா?" என்றாள் அக்கா.

நிழல் முதல் கயிற்றைத் தாண்டித்தான் கிடந்தது. மேஸ்திரி டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். உச்சிக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றார் டீச்சர். நிழல் பின்வாங்கியது, நத்தை நகர்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக. கயிற்றுக்கு நேர் கீழே வந்தது. அங்கே நின்றுவிடுமோ என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நிற்கவில்லை. கயிற்றை விட்டு விலகியது, இன்னும் விலகியது. "இதுதான் குட்டை" என்று கண்ணாடிப் பெண் ஆணி அடித்தபோது, ஆணிக்கும் கயிற்றுக்கும் நடுவே பளிச்சென்று வெயில் கிடந்தது. மேஸ்திரி முழங்கையை ஊன்றிக் கையை நீட்டிப் பார்த்தார். சரியாக ஒரு முழம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ வாரமாக நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த செங்கல் லோடு மொத்தமும் இறங்கியது.

"என்னடா, மயக்கமா?" என்றாள் அக்கா.

"மயக்கமா? நான் அன்னைக்கே சொன்னேனே, தொடாதுன்னு. அளக்காம சொல்ற ஆளா நான்?"

கண்ணாடிப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேஸ்திரி ஒரு பார்வை பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அக்காவின் கண் வேலியோரம் போயிற்று. சாக்கு விலகி, கடப்பாரையின் முனை தெரிந்தது. அதைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"நிஜமாவே இடிச்சிருப்பியாடா, பைத்தியக்காரா? முட்டி போனப்புறம் அந்த மாடி ஜன்னல் பக்கம் கட்டில் போட்டுக்கலாம்னு நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"உனக்குத்தானேக்கா அவ்வளவு பெரிய ஜன்னல் வச்சேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கயிற்றடிக்குப் போனாள். ஆணியைக் குனிந்து பார்த்தாள். வெயில் விழுந்த அந்த ஒரு முழத்தைப் பார்த்தாள்.

"இவ்வளவு இடம் சும்மாத்தானே கிடக்கு? அந்தக் கடப்பாரையை எடுத்துட்டு வாடா. ஆணிகிட்ட குழி தோண்டி இன்னொரு கயிறு கட்டிடலாம்."

"அக்கா," என்று மேஸ்திரி பதறி எழுந்தார், "புதுக் கயிறுக்கு நான் வாக்குக் கொடுக்கல."